நிறத்தைக் குலுக்கிப் போட்டு எடுக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உச்சிப்புளிப் பக்கம் உங்கள் அம்மாவும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து பனையோலைப் பெட்டி முடைகிறார்கள். அதற்கு நிறவரிசை போட்டுக் கொடுப்பது நீங்கள். தனுஷ்கோடி சாலையில் மீன் வறுவல் கடை போடுகிற ஒருவருக்குப் பெயர்ப்பலகை வேலையும் வந்திருக்கிறது. மாமாவின் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கரையேறி நிற்கிறது, அவரும் "ஏதாவது புதுசா அடிச்சு விடு" என்கிறார். பட்டனைத் தட்டினால் கண்டமேனிக்கு நிறம் கொடுக்கிற ஒரு வலைக் கருவியை வைத்து மூன்றுக்கும் முயன்றீர்கள். சில நேரம் பிரமாதம், பல நேரம் கண்றாவி. இப்படி முடிவெடுப்பது முறையா, சோம்பேறித்தனமா? "ஏன் இந்த நிறம்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

முறைதான். ஆனால் பட்டனைத் தட்டுவது வேலையில் சேராது. தட்டுவதற்கு முன்னால் பைக்குள் எந்தெந்த நிறத்தைப் போடுகிறோம் என்பதுதான் வேலை. அதைச் செய்யாமல் விட்டதால்தான் உங்களுக்குப் பாதி கண்றாவியாக வருகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கக் குடவோலையைவிட நல்ல உதாரணம் கிடையாது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் (கி.பி. 919, 921) பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கல்வெட்டில் நீளமாக இருப்பதோ யார் பெயர் குடத்துக்குள் போகலாம், போகக் கூடாது என்கிற பகுதி. சொந்த நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயதுக்கு வரம்பு உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவுக்காரரும் கூடாது. இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சியவர்களில் யார் வந்தாலும் சரி என்ற நிலையில்தான் சிறுவனின் கை குடத்துக்குள் போகிறது. நிறத்துக்கும் அதே வரிசைதான்.

வெளிநாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஜெர்மன் ஓவியர் கெரார்ட் ரிக்டர். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் 2007-இல் திறந்த அவருடைய கண்ணாடிச் சாளரத்தில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சதுரங்கள் இருக்கின்றன. எந்தச் சதுரத்துக்கு எந்த நிறம் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டது. குலுக்கியது 72 நிறங்களை மட்டும். அந்த 72-ம் அதே ஆலயத்தின் பழைய சாளரங்களில் இருக்கும் நிறங்களை ஒட்டி அவர் பொறுக்கியவை. அதிலும் பாதியைத்தான் குலுக்கினார், மறுபாதி அதன் கண்ணாடிப் பிம்பம். அதனால்தான் உள்ளே நின்று பார்க்கும்போது இறைத்துவிட்ட மாதிரி தெரியாமல், ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கிற மாதிரி தெரிகிறது. அவருக்கு முன்பே 1951-இல் அமெரிக்க ஓவியர் எல்ஸ்வொர்த் கெல்லி எண் எழுதிய சீட்டுகளை எடுத்து, அதன்படி வண்ணத்தாள் சதுரங்களைக் கட்டத்தில் ஒட்டினார். அவரும் தாள்களை முதலில் பொறுக்கி வைத்துக்கொண்டுதான் சீட்டு எடுத்தார்.

சரி, உங்கள் கருவிக்கு வருவோம். அது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஆளுக்கொரு எண்ணை எடுக்கிறது. மொத்தம் 1,67,77,216 நிறங்கள். இந்த ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கூட்டத்தில் ஒன்றை எடுத்தால் அது தனியாகப் பார்க்க மோசமாக இருக்காது. ஐந்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சிக்கல். ஒன்று வெளிறிப்போய் நிற்கும், ஒன்று கண்ணைக் குத்தும், மூன்றாவது சகதி நிறம். ஒன்றுக்கொன்று சொந்தமே இருக்காது. பார்க்கிற கண் தேடுவது அந்தச் சொந்தத்தைத்தான்.

அதனால் மூன்றையும் ஒருசேரக் குலுக்காதீர்கள். நிறத்துக்கு மூன்று குணங்கள்: எந்த நிறம் என்கிற ஹியூ, எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெளிச்சம். இரண்டைக் கட்டிப்போட்டுவிட்டு ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அடர்த்தியும் வெளிச்சமும் ஒரே அளவில் நின்றால், ஹியூ எங்கே போய் விழுந்தாலும் ஐந்தும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல இருக்கும். ஹியூவையும் தனித்தனியாக ஐந்து முறை குலுக்கினால் இரண்டு பச்சை ஒட்டி வந்து நிற்கும். ஹியூவை 360 பாகை வட்டத்தில் ஓர் இடமாக, ஓர் எண்ணாகக் குறிப்பார்கள். முதல் ஹியூவை மட்டும் குலுக்கி எடுங்கள், அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 137.5 பாகை கூட்டிக்கொண்டே போங்கள், 360-ஐத் தாண்டினால் 360-ஐக் கழித்துவிடுங்கள். 20-இல் தொடங்கினால் 157.5, 295, 72.5, 210 என்று வரும். எத்தனை நிறம் வரை போனாலும் வட்டத்தில் இடம் விட்டு இடம் விட்டு உட்கார்ந்துகொள்ளும். செடித் தண்டில் இலைகள் அடுக்கும் கோணமும் பெரும்பாலும் இதுதான்.

இதில் ஒரு குழி இருக்கிறது. நிறையப் பேர் விழுகிற குழி. உங்கள் கருவியில் எச்எஸ்எல் (ஹியூ, அடர்த்தி, வெளிச்சம் என்ற மூன்றால் நிறத்தைக் குறிப்பது) என்று ஒரு முறை இருக்கும், அதில் வெளிச்சம் 50 என்று நிறுத்தினால் எல்லா நிறமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும் என்று நம்பிவிடுவோம். இருக்காது. அந்த முறையில் முழு மஞ்சளுக்கும் வெளிச்சம் 50, முழு நீலத்துக்கும் 50. இரண்டின் மேலும் வெள்ளை எழுத்து வைத்துப் பாருங்கள். நீலத்தில் வேறுபாட்டு விகிதம் (எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற கணக்கு) 8.6-க்கு 1, பளிச்சென்று தெரியும். மஞ்சளில் 1.07-க்கு 1, எழுத்து இருப்பதே தெரியாது. பார்வை குறைந்தவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக வலைப்பக்கங்களுக்கு வைத்திருக்கிற அணுகல் விதி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 வேண்டும் என்கிறது. கணினித் திரைக்கே அவ்வளவு வேண்டும் என்றால் அரிச்சல்முனைக்குப் போகிற சாலையில், இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் வெள்ளை மணல், உச்சி வெயில் என்றால் எவ்வளவு வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை ஒட்டி அளக்கிற முறைகள். போட்டோஷாப்பில் லேப் இருக்கிறது, 1976-இல் வந்த தரம். வலைப்பக்கம் எழுதுகிறவர்களுக்கு ஓகேஎல்சிஎச் இருக்கிறது. 2020-இல் பியோர்ன் ஓட்டோசன் வெளியிட்ட ஓக்லேப் முறையிலிருந்து வந்தது, இப்போதைய உலாவிகள் எல்லாம் அதைப் புரிந்துகொள்கின்றன. லேப்பில் எல் மதிப்பை, அதாவது வெளிச்சத்தை, 50-இல் நிறுத்தினால், எந்த நிறம் வந்தாலும் வெள்ளை எழுத்துக்கான விகிதம் ஏறக்குறைய 4.5-இல் நிற்கும். 35-க்கு இறக்கினால் 7-க்கு மேல் போகும். மீன் வறுவல் கடைப் பலகைக்கு நான் 35-ஐத்தான் வைப்பேன். எல் 35, எழுத்து வெள்ளை, இந்த இரண்டையும் தொடக் கூடாது. ஹியூ மட்டும் குலுக்கலுக்கு.

அதிலும் சிலவற்றைக் கழிக்க வேண்டும். நீலமும் நீலப்பச்சையும் வேண்டாம். பலகைக்குப் பின்னால் வானமும் கடலும்தான் இருக்கப் போகிறது, ஐம்பதடி தள்ளி வருகிற வேனிலிருந்து பார்த்தால் பலகை அதில் கரைந்துவிடும். மஞ்சளும் இந்தப் பையில் சேராது. எல் 35-இல் மஞ்சள் மஞ்சளாக இருக்காது, கிணற்றுப் பாசி நிறத்துக்கு வந்துவிடும், மீன் கடைக்கு அது ஆகவே ஆகாது. மஞ்சள் வேண்டும் என்று கடைக்காரர் ஒற்றைக்காலில் நின்றால் அது தனிக் கணக்கு. முழு மஞ்சளில் கறுப்பு எழுத்து 19-க்கு மேல் விகிதம் தரும், அதைத் தாராளமாகச் செய்யலாம்.

பலகை என்றவுடன் வெயிலையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை சாலையோரம் இருக்கிற பழைய ஃபிளக்ஸ்களைப் பாருங்கள். முகமெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். மஞ்சள் மையும் மஜந்தா மையும் முதலில் வெளுத்துப் போய், நீலமும் கறுப்பும் மிஞ்சி நிற்கின்றன. குலுக்கலில் அழகான ஆரஞ்சு வந்தது என்று ஃபிளக்ஸில் அடித்துவிட்டால் அடுத்த வருடம் அது வேறு நிறம். நெடுநாள் நிற்க வேண்டிய பலகையைத் தகரத்தில் பெயிண்டாக அடிக்கச் சொல்லுங்கள். செங்காவி, ரெட் ஆக்சைடு வகை நிறங்கள் இரும்புத் துருவிலிருந்து வருபவை, வெயிலுக்கு அசையாது. திரையில் மின்னுகிற சில பச்சை, ஆரஞ்சு, அடர்நீலங்களை அச்சு மையால் கொண்டுவரவே முடியாது என்பதையும் மறக்காதீர்கள். குலுக்கலைத் திரையில் செய்தாலும், பையை அச்சகத்தின் நிற அட்டையைப் பார்த்து நிரப்புங்கள்.

இப்போது ஓலைப்பெட்டி. உண்மையில் உங்கள் மூன்று வேலைகளில் குலுக்கலுக்கு ரொம்பப் பொருத்தமானது இதுதான். இங்கே நிறத்துக்கு அர்த்தம் கிடையாது, யாரும் தூரத்திலிருந்து படிக்கப் போவதும் இல்லை. ஒவ்வொரு பெட்டியும் கொஞ்சம் வேறாக இருந்தால் வாங்குகிறவருக்கும் சந்தோஷம். தவிர, பையை நீங்கள் நிரப்பத் தேவையில்லை, சாயக்கடையே நிரப்பிக் கொடுத்துவிடுகிறது. ரோஸ், பச்சை, ஊதா, மஞ்சள், சிவப்பு, சாயம் போடாத ஓலை என்று ஆறு வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு பெட்டிக்கு ஆறில் மூன்று நிறம் என்றால் மொத்தமே 20 சேர்க்கைகள்தான். இருபதுக்கு எதற்குக் குலுக்கல்? சாயம் ஏறிய ஓலைத் துண்டுகளை மும்மூன்றாக வைத்து இருபதையும் தரையில் பரப்புங்கள். அம்மா ஐந்து நிமிடத்தில் எட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். ஓலையின் இளமஞ்சளோடு மஞ்சள் சேர்ந்தால் தெரியாது என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பை சின்னதாக இருந்தால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிடுவதே நல்லது. எல்லாவற்றையும் பார்க்க முடியாத அளவு பெருகும்போதுதான் குலுக்கலுக்கு வேலை. அது வரிசையில் வருகிறது: ஒரு பக்கத்துக்கு 24 ஓலைகள், ஆறு நிறங்கள், எதன் பக்கத்தில் எது?

உங்கள் கருவியிடம் 24 முறை கேட்டீர்கள், "ரோஸ் ரோஸ் ரோஸ்னு ஒரே இடத்தில் கொட்டுது, கருவி சரியில்ல" என்று எழுதியிருந்தீர்கள். கருவி சரியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆறில் ஒன்று என்று எடுத்தால், பக்கத்துப் பக்கத்து ஓலைகள் ஒரே நிறமாக வர ஆறில் ஒரு வாய்ப்பு. 24 ஓலைகளுக்கு இடையே 23 சந்திப்புகள் இருக்கின்றன. ஆக சராசரியாக நாலு இடத்தில் ஒரே நிறம் ஒட்டி வந்தே தீரும். ஓர் இடத்தில்கூட ஒட்டாமல் வருவது நூறு பெட்டிக்கு ஒன்றிரண்டில்தான் நடக்கும். நிஜமான குலுக்கல் இப்படித்தான் கொத்துக் கொத்தாக விழும். நம் மனசு எதிர்பார்ப்பது குலுக்கலை அல்ல, சீராகக் கலந்து கிடப்பதை.

அதைக் கொண்டுவரும் வழி எளிது. ஒவ்வொரு நிறத்திலும் ஒரே ஒரு ஓலையாக ஆறை ஒரு துணிப்பையில் போடுங்கள். ஒவ்வொன்றாக எடுங்கள், எடுத்ததைத் திரும்பப் போடாதீர்கள். பை காலியானதும் மறுபடி ஆறு. புதுப் பையில் முதலில் வந்தது போன கையின் கடைசி நிறமாகவே இருந்தால் மட்டும் உள்ளே போட்டுவிட்டு இன்னொன்று எடுங்கள். அவ்வளவுதான், 24-க்கும் ஒட்டல் வராது, எல்லா நிறமும் நாலு நாலு செலவாகும், சாயம் போட்ட ஓலை ஒரு நிறத்தில் தீர்ந்து இன்னொரு நிறத்தில் மலையாகக் கிடக்காது. ஒரு பைக்கே 720 வரிசைகள் உண்டு என்பதால் இரண்டு பெட்டி ஒன்றுபோல வருமோ என்ற பயமும் வேண்டாம். இதைக் கணினியில் செய்யாமல் நிஜமாகவே துணிப்பையில் செய்யச் சொல்கிறேன். பேசிக்கொண்டே முடைகிறவர்கள் ஒவ்வொரு ஓலைக்கும் போனைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஓலையில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஓலை குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், மெல்லிய கீற்றாக வகிர்ந்து முடைந்தால் தூரத்தில் இரண்டு நிறமும் கண்ணில் கலந்துவிடும். சிவப்பு நெடுக்கில், பச்சை குறுக்கில் என்றால் கையில் இருக்கும்போது ஜோராக இருக்கும், கடை அலமாரியில் வைத்துப் பார்த்தால் பழுப்பு. அதனால் குறுக்கு ஓலையைக் குலுக்கலில் சேர்க்காமல் சாயமில்லாத ஓலையாகவே நிறுத்திவிடுவது என் யோசனை. நெடுக்கு மட்டும் ஓடட்டும்.

இரண்டாவது, ஒரே சாயம் பக்கத்து நிறத்தைப் பொறுத்து வேறாகத் தெரியும். பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரோலிடம், கறுப்பு நூலின் சாயம் மங்கல் என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின. 1839-இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். உங்கள் அம்மா "பச்சை இந்தத் தடவை சரியா ஏறல" என்று சொன்னால், சாயத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள். குலுக்கல் வரிசையில் பச்சை ஒவ்வொரு முறையும் வேறு வேறு நிறத்துக்குப் பக்கத்தில் விழுகிறது, அதனால் ஒரே பெட்டிக்குள் நாலு விதப் பச்சை தெரியும். எனக்கு அது பிடிக்கும். சீராக வேண்டும் என்று ஆர்டர் கொடுப்பவருக்குப் பிடிக்காது. ஹோட்டலுக்கு நூறு பெட்டி ஒரே மாதிரி கேட்டால் குலுக்கல் வேண்டாம், ஒரு நல்ல வரிசையைப் பிடித்து அதையே போடுங்கள்.

எத்தனை முறை குலுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். தொடங்கும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள். பலகைக்கு எட்டு நிறம் எடுப்பேன், எட்டுக்குள் ஒன்றைத் தேர்வேன் என்று. அதைச் சொல்லாமல் உட்கார்ந்தால் பிடித்தது வரும்வரை தட்டிக்கொண்டே இருப்போம், ஒரு மணி நேரம் போயிருக்கும், கடைசியில் வருவது நாம் வழக்கமாகப் போடுகிற அதே நிறம்தான்.

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் இடத்தை வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டு, சிவப்பு வந்ததும் "இன்னொரு தடவை போட்டுப் பாப்போம்" என்கிறவரைக் கவனித்தால் தெரியும், அவர் மனசு எப்போதோ முடிவெடுத்துவிட்டது. நிறத்திலும் இது நடக்கும், அது நல்லதுதான். கருவி மரூன் கொடுத்ததும் "ஐயோ, இது வேண்டாம்" என்று முகம் சுளித்தீர்கள் என்றால், ஏன் சுளித்தேன் என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். "மீன் கடைக்கு ரத்த நிறம் மாதிரி இருக்கு" என்று பதில் வந்தால் அது ஒரு விதி. பையிலிருந்து மரூனை எடுத்துவிட்டு மறுபடி குலுக்குங்கள். இப்படி வெளிவருகிற விதிகள்தான் குலுக்கலின் பெரிய லாபம் என்பது என் அபிப்பிராயம். வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவை வெளியே வராது.

இனி, குலுக்கலே கூடாத இடங்கள். நிறம் ஏதாவது சொல்கிற இடமாக இருந்தால் கை வைக்காதீர்கள். படகின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை, அது உலகம் முழுக்க ஒன்றுதான். உயிர்காப்புச் சட்டை ஆரஞ்சாக இருப்பது தண்ணீரில் தேடுகிறவன் கண்ணில் படுவதற்கு. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், இரவில் அதையே சிவப்பு, வெள்ளை விளக்குகளின் அடுக்கு சொல்லும். சுற்றுலாக் கடைக்காரர் ஒருவர் இதே மாதிரி அடுக்கு விளக்கை அலங்காரமாக மாட்டச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பச்சைப் பொட்டு சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம் என்பது மாதிரி குறிகளிலும் அப்படியே. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது என்பதால், குலுக்கலில் இந்த இரண்டும் ஒரே வெளிச்சத்தில் ஜோடியாக வந்து அதை வைத்துத்தான் எதையாவது பிரித்தறிய வேண்டும் என்றால் அந்த ஜோடியையும் கழித்துவிடுங்கள்.

அப்புறம் கொடி. இது நம் ஊருக்கே உரிய தலைவலி. மேலே கறுப்பு, கீழே சிவப்பு என்று வந்துவிட்டால் அது வறுவல் கடைப் பலகையாக இருக்காது, கட்சிக் கிளை அலுவலகம் ஆகிவிடும். இங்கே மசூதி, தேவாலயம், கோயில் மூன்றும் ஒரே சாலையில் இருக்கிற ஊர்கள் அதிகம். ஒரு தனி நிறத்தை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு மூன்று நிறங்கள் பட்டையாக அடுக்கி வரும்போதுதான் "இவர் யாரு ஆளு?" என்ற கேள்வி வரும். கணினிக்கு நம் ஊர்ச் சுவரெழுத்து தெரியாது. ஆகவே குலுக்கி வந்த ஜோடியை ஒருமுறை கொடிக் கண்ணோடு பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும்.

இதற்கு நேர் எதிராக, யாருக்கு எந்த நிறம் என்று சண்டை வருகிற இடத்தில் குலுக்கல் தங்கம். வலை முனையில் மிதவைக்கு மேலே கொடித்துணி கட்டுகிறார்கள், யாருடைய வலை என்று தூரத்திலேயே தெரிய. ஐஸ் பெட்டிக்கும் மீன் கூடைக்கும் இப்படி ஆளுக்கொரு நிறம் வைத்துக்கொள்ளலாம். அங்கே நிறத்துக்கு அர்த்தம் இல்லை, ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிந்தால் போதும். நன்றாகப் பிரிந்து தெரிகிற ஏழெட்டு நிறங்களை நீங்கள் பொறுக்கிக் கொடுங்கள், யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளட்டும். ஒருத்தரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. எடுத்த பிறகு மாற்றக் கூடாது, அவ்வளவுதான்.

வாடிக்கையாளரின் "ஏன் இந்த நிறம்?" கேள்விக்கு இணையத்தில் ஒரு பட்டியல் சுற்றுகிறது, நீலம் நம்பிக்கை, சிவப்பு பசி, ஊதா ராஜகம்பீரம் என்று. தயவுசெய்து அதைப் படித்துக் காட்டாதீர்கள். எந்தக் கடை, எந்த ஊர், பக்கத்தில் என்ன என்று ஒன்றும் பார்க்காமல் நிறத்துக்கு ஒரே குணம் எழுதிவைக்கிற ஜோசியம் அது. நிஜ ஜோசியர் சொன்ன ராசி நிறம் என்று கடைக்காரர் கொண்டுவந்தால் எனக்குப் பிரச்சினையே இல்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு அதற்குப் பொருந்துகிறதை மட்டும் குலுக்குவேன், அவருக்கும் நிம்மதி, எனக்கும் பை சிறுத்துவிட்டது. அந்தப் பட்டியலுக்குப் பதிலாக, எதையெல்லாம் கழித்தீர்கள் என்கிற வேலியைச் சொல்லுங்கள்: "கடலும் வானமும் பின்னால் இருப்பதால் நீலத்தை விட்டேன். வெள்ளை எழுத்து வெயிலில் தெரிய நிறம் இவ்வளவு இருண்டிருக்க வேண்டும். வெளுக்காத பெயிண்டில் கிடைக்க வேண்டும். எந்தக் கொடியையும் போல இருக்கக் கூடாது. இவ்வளவுக்கும் பிறகு எட்டு நிறம் வந்தது, அதில் இது." குலுக்கி எடுத்தேன் என்பதையும் மறைக்க வேண்டாம். வேலியைக் கேட்ட பிறகு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பல பேர் "அந்த மத்த ஏழையும் காட்டுங்க" என்பார்கள், காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கணினியில் குலுக்கும்போது விதை எண் என்று ஒன்று கொடுக்க முடியும். அதே விதை எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே வரிசை அப்படியே வரும். கோப்பின் பெயரிலேயே அந்த எண்ணைச் சேர்த்து வையுங்கள், பக்கத்தில் கடைசியாகத் தேர்ந்த நிறத்தின் குறியீட்டையும், பெயிண்ட் என்றால் டப்பாவில் இருக்கிற நிற எண்ணையும் எழுதுங்கள். அடுத்த வருடம் பலகை காற்றில் பிய்ந்துபோய் "அதே மாதிரி ஒண்ணு" என்று வந்து நிற்பார்கள். குலுக்கி வந்த நிறத்தை ஞாபகத்திலிருந்து மறுபடி பிடிக்க முடியாது.

மாமா படகுக்குப் பதில் சின்னது. விசைப்படகுக்கு என்ன நிறம் என்பது அவர் இஷ்டமும் இல்லை, உங்கள் இஷ்டமும் இல்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரப் பாதுகாப்புக்காக எந்த மாநிலத்துப் படகு என்று தூரத்திலேயே தெரியும்படி மாநிலத்துக்கு மாநிலம் நிற விதி கொண்டுவந்துவிட்டார்கள். இந்தியக் கடலோரக் காவல் படையும் கடற்படையும் முதலில் பார்ப்பது அதையும் பதிவு எண்ணையும்தான். இப்போது நடப்பில் இருக்கிற விதியை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு வரச் சொல்லுங்கள். பதிவு எண்ணுக்கும் அதன் பின்னணிக்கும் மேலே சொன்ன வேறுபாட்டு விகிதம் பொருந்தும், அங்கே அழகு பார்க்க வேண்டாம். மிஞ்சுவது படகின் பெயரைச் சுற்றி வருகிற கரையும், உள்பக்கத்துப் பலகையும்தான். அந்த இரண்டுக்கும் நாலு நிறத்தைப் பொறுக்கி வைத்து, மாமா கையாலேயே சீட்டு எடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் பிறகு உங்களைத் திட்ட மாட்டார். தடை ஜூன் 14-ஓடு முடிகிறது. கடைசி வாரத்தில் கரையில் இருக்கிற எல்லாப் படகும் ஒரே நேரத்தில் பெயிண்டருக்குக் காத்துக்கிடக்கும், அதனால் மே மாதத்திலேயே ஆளைப் பிடித்துவிடச் சொல்லுங்கள்.